கடிகாரமும் கயிறும்

1899-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பெத்லஹேம் எஃகு ஆலையின் களத்தில் இரும்புப் பாளங்கள் மலைபோல் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றும் சுமார் 42 கிலோ. குனிந்து ஒன்றைத் தூக்கி, சாய்வுப் பலகையில் ஏறி, ரயில் வேகனில் போட்டுவிட்டு இறங்க வேண்டும். ஓர் ஆள் நாளொன்றுக்குச் சராசரியாகப் பன்னிரண்டரை டன் ஏற்றிக்கொண்டிருந்தார். ஃப்ரெட்ரிக் டெய்லர் என்ற பொறியாளர், தகுந்த ஆளாக இருந்தால் நாற்பத்தேழரை டன் ஏற்ற முடியும் என்றார். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரே நாளில் 1,100 தடவைக்கு மேல் குனிந்து நிமிர வேண்டும்.

எப்போது தூக்க வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று பக்கத்தில் ஒருவர் சொல்லிக்கொண்டே இருப்பார். அதன்படி செய்தால் கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராக உயரும். வேலை ஏறக்குறைய நான்கு மடங்கு, கூலியில் அறுபது சதவீத ஏற்றம். பின்னாளில் ஆலையின் பதிவேடுகளைப் புரட்டிய ஆய்வாளர்கள், டெய்லர் இந்தக் கதையை நிறைய மெருகேற்றிச் சொல்லியிருக்கிறார் என்று காட்டினார்கள். ஆனாலும் நிர்வாகவியல் பாடம் பெரும்பாலும் இந்தக் கதையிலிருந்துதான் தொடங்குகிறது.

டெய்லரை வெறும் கொடுமைக்காரராக ஒதுக்கிவிட முடியாது. அவரே பட்டறையில் கடைசல் இயந்திரத்தில் நின்று வேலை பார்த்தவர். வேகமாகச் செய்தால் முதலாளி பீஸ் ரேட்டைக் குறைத்துவிடுவார் என்பதால்தான் தொழிலாளிகள் கையை மெதுவாக ஓட்டுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். மண்வெட்டியில் ஒரு தடவைக்குச் சுமார் ஒன்பதரை கிலோ அள்ளினால்தான் நாள் முழுக்கத் தாக்குப்பிடிக்கலாம் என்று சோதித்துப் பார்த்து, கனமான தாதுவுக்குச் சின்ன மண்வெட்டி, லேசான சாம்பலுக்குப் பெரிய மண்வெட்டி என்று தனித்தனியாகக் கொடுத்தவரும் அவர்தான். அது நல்ல காரியம். வேலையைப் பற்றிய யோசனை முழுவதையும் தொழிலாளியிடமிருந்து எடுத்து மேலாளரின் மேஜைக்குக் கொண்டுபோனதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. சொன்னதைச் செய், யோசிப்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்ற ஏற்பாடு அது.

அவருடைய கொள்கை நூல் வெளியான 1911-லேயே எதிர்ப்பும் வெடித்தது. வாட்டர்டவுன் ராணுவத் தளவாட ஆலையின் வார்ப்படப் பட்டறைக்குள் ஸ்டாப்வாட்ச் வந்ததும், தன்னை அளக்க விட ஒரு தொழிலாளி மறுத்தார். அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். மற்றவர்கள் வெளிநடப்புச் செய்தார்கள். நாடாளுமன்ற விசாரணை நடந்தது. ராணுவ ஆலைகளில் ஸ்டாப்வாட்சுக்குத் தடையும் வந்தது.

அதே காலத்தில் பிரான்சில் சுரங்க நிறுவனம் நடத்திய ஆன்ரி ஃபயோல், திட்டமிடல், ஒருங்கிணைத்தல் என்று மேலாளரின் வேலையை வகுத்து 1916-இல் எழுதினார். ஜெர்மனியின் மாக்ஸ் வெபர், விதியும் பதவி வரிசையும் கொண்ட அலுவலக அமைப்பை விளக்கினார். இருவரும் மேலிருந்து கீழே பார்த்தவர்கள்.

கீழிருந்து பார்க்கும் வாய்ப்பு சிகாகோ அருகே ஹாத்தார்ன் ஆலையில் கிடைத்தது. தொலைபேசிக் கருவிகள் செய்த அந்த ஆலையில், வெளிச்சம் கூடினால் உற்பத்தி கூடுமா என்று 1924-இல் சோதிக்கத் தொடங்கினார்கள். வெளிச்சத்தைக் கூட்டியபோதும் உற்பத்தி கூடியது. மாற்றாமல் விட்ட பிரிவிலும் கூடியது. 1927-இல் ஆறு பெண்களைத் தனி அறையில் உட்காரவைத்து, இடைவேளை, சிற்றுண்டி, குறைந்த நேரம் என்று மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். உற்பத்தி ஏறிக்கொண்டே போனது. தங்களை யாரோ பொருட்படுத்துகிறார்கள் என்ற உணர்வே காரணம் என்று ஆய்வாளர் எல்டன் மேயோவும் அவரைச் சேர்ந்தவர்களும் சொன்னார்கள். அதிகம் பேசுகிறார்கள், வேலை குறைவு என்று அந்த அறையிலிருந்து இரண்டு பெண்களை நடுவில் மாற்றியதைப் பாடப்புத்தகங்கள் பல விட்டுவிடுகின்றன. விட்டிருக்கக் கூடாது.

எனக்கு முக்கியமாகப் படுவது அங்கே 1931-இல் தொடங்கிய இன்னொரு சோதனை. கம்பி இணைக்கும் பிரிவின் பதினான்கு ஆண்களை ஓர் அறையில் வைத்துக் கவனித்தார்கள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அவர்களே ஓர் அளவு வைத்திருந்தார்கள். மிஞ்சியவரின் தோளில் சக தொழிலாளி ஓங்கி ஒரு குத்து விடுவார். நிர்வாகம் வைத்த ஊக்கத்தொகையைவிட அந்தக் குத்துக்குத்தான் வலு அதிகம். ரேட் குறைந்துவிடும் என்று டெய்லர் காலத்தில் இருந்த அதே பயம், முப்பது ஆண்டு கழித்தும் அந்த அறையில் இருந்தது. ஆலையில் எழுதப்படாத இன்னொரு அமைப்பு உண்டு என்பதை நிர்வாகவியல் அப்போதுதான் ஒப்புக்கொண்டது.

யோசனையைத் தொழிலாளியிடமே திருப்பிக் கொடுத்த கதை ஜப்பானில், ஒரு தறியில் தொடங்குகிறது. தறிக்காரர்களுக்கு இது உடனே புரியும். இழை அறுந்தது தெரியாமல் தறி ஓடினால் துணி பாழ். சகிச்சி டொயோடா 1924-இல் முடித்த தானியங்கித் தறி, இழை அறுந்ததும் தானே நின்றுவிடும். பழுதோடு ஓடாதே, நில் என்ற இந்த எண்ணம் அவர் குடும்பத்தார் தொடங்கிய டொயோட்டா கார் ஆலைக்கும் போனது. அங்கே தொழிலாளியின் தலைக்கு மேலே ஒரு கயிறு ஓடும். கோளாறு கண்டால் யாரும் அதை இழுக்கலாம். குழுத்தலைவர் ஓடி வருவார். சில நொடிகளில் சரிசெய்ய முடியாவிட்டால் உற்பத்தி வரிசை நிற்கும். ஏன் நேர்ந்தது என்று வேர்வரை போய்ப் பார்ப்பார்கள். 1950-இல் ஜப்பானில் தரக் கட்டுப்பாடு பற்றி உரைகள் ஆற்றிய எட்வர்ட்ஸ் டெமிங் அங்கே இந்தப் போக்குக்கு வலுச் சேர்த்தார். மாணவராக இருந்தபோது கோடை விடுமுறையில் ஹாத்தார்ன் ஆலையில் வேலை பார்த்தவர் அவர். (அவர் பெயரில் ஜப்பான் வழங்கும் பரிசை வென்ற முதல் இந்திய நிறுவனம், சென்னை பாடியின் சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவு, ஆண்டு 1998.)

டொயோட்டாவுக்கு நேர்மாறான ஆலை ஒன்று அமெரிக்காவில் இருந்தது. கலிபோர்னியாவின் ஃப்ரீமான்டில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார் ஆலையை 1982-இல் மூடியது. எது நேர்ந்தாலும் வரிசை நிற்கக் கூடாது என்பது அங்கே சட்டம்; பழுதான காரும் நகர்ந்துகொண்டே இருக்கும். ஐந்தில் ஒருவர் வேலைக்கே வராத நாட்கள் சாதாரணம். 1984-இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து அதே கட்டடத்தைத் திறந்தபோது, பெரும்பாலும் பழைய தொழிலாளிகளையே திரும்ப எடுத்தார்கள். ஒரு பகுதியினரை ஜப்பானுக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள். தலைக்கு மேலே கயிறு வந்தது. வேலைக்கு வராதோர் எண்ணிக்கை மளமளவென்று இறங்கியது. ஓரிரு ஆண்டுகளில் அங்கிருந்து வந்த கார்கள் அமெரிக்காவின் தரமான கார்களோடு போட்டியிட்டன.

ஜெனரல் மோட்டார்ஸின் மற்ற ஆலைகளுக்கு இந்த முறை பரவ நெடுங்காலம் பிடித்தது. கயிறு கட்ட ஒரு வார இறுதி போதும். அதை இழுத்தவரிடம், "எதற்கு நிறுத்தினாய்?" என்று சீறாமல், "என்ன ஆச்சு, காட்டுங்கள்" என்று கேட்கும் சூப்பர்வைசர்கள் உருவாகத்தான் அத்தனை காலம்.