நம் வக்ஃப் நிலம் எங்கே இருக்கிறது? ஜிஐஎஸ் பயிற்சி பற்றி ஒரு விளக்கம்





நம் அறக்கட்டளை தொடங்கவிருக்கும் ஜிஐஎஸ் பயிற்சியைப் பற்றி ஜும்ஆவுக்குப் பின் அறிவித்த நாளிலிருந்து பெற்றோர் பலரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அது என்ன படிப்பு? அதற்கும் பள்ளிவாசலுக்கும் என்ன சம்பந்தம்?" டேலி என்றாலும் தையல் என்றாலும் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. இதற்குத் தேவை என்பதால்தான் இந்தக் கட்டுரை.

பழைய வக்ஃப் பத்திரம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். அதில் நான்கெல்லை எழுதியிருக்கும். கிழக்கே இன்னாருடைய நஞ்சை, மேற்கே வண்டிப்பாதை, தெற்கே புளியமரம் நிற்கும் வரப்பு, வடக்கே வாய்க்கால். எழுதிய காலத்தில் ஊரில் யாரைக் கேட்டாலும் இடத்தைக் காட்டிவிடுவார்கள், அதனால் அது போதுமானதாக இருந்தது. இன்று அந்த இன்னாரின் நிலம் வாரிசுகள் கையிலிருந்து மூன்றாம், நான்காம் நபருக்குப் போயிருக்கும். வண்டிப்பாதை தார் ரோடாகியிருக்கும். மரம் இருக்காது. வாய்க்கால் தூர்ந்திருக்கும். இடத்தைக் காட்டத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் எழுபது வயதைக் கடந்தவர்கள்: பழைய மோதினார், குத்தகைக்கு உழுதவர், முன்னாள் முத்தவல்லி. அவர்களில் ஒருவரை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது, ஒரு வரப்பு எங்கே இருந்தது என்ற செய்தியும் அவரோடு போய்விடுகிறது.

இதற்கிடையே, மத்திய அரசு 2025 ஜூன் 6 அன்று தொடங்கிய உமீத் இணையதளம் ஒவ்வொரு வக்ஃப் சொத்தின் நீள அகலத்தையும், அது பூமியில் இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையையும் கேட்கிறது. அந்தச் சட்டத்தைப் பற்றிய வாதங்கள் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. அது வேறு பேச்சு. சட்டம் எப்படி இருந்தாலும், நம்முடைய நிலம் எது என்று நமக்குக் காட்டத் தெரிய வேண்டும். அந்த வேலையை வெளியிலிருந்து கூலிக்கு வருபவரிடம் முழுக்க ஒப்படைத்தால், அவர் தவறாகக் குறித்தாலும் கண்டுபிடிக்க நம்மிடம் ஆள் இல்லை.

ஜிஐஎஸ் என்பதைப் புவியியல் தகவல் முறைமை என்று தமிழில் எழுதுகிறார்கள். ஒன்றின் மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தாள்களாக அதை நினைத்துக்கொள்ளலாம். அடியில் செயற்கைக்கோள் படம். அதன் மேல் தெருக்கள். அதற்கும் மேல் சர்வே எண்கள், பிறகு கிணறுகள். எந்தத் தாள் வேண்டுமோ அதை வைக்கலாம், வேண்டாததை எடுக்கலாம். ஒவ்வொரு கோட்டுக்கும் கட்டத்துக்கும் பின்னால் ஓர் அட்டவணை இருக்கும். நிலத்தின் மேல் சொடுக்கினால் பட்டா எண், பரப்பளவு, குத்தகைதாரர், கடைசியாக வாடகை வந்த மாதம் எல்லாம் வரும். வெறும் படத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அந்த அட்டவணைதான். நாம் கற்றுத்தரப்போவது கியூஜிஐஎஸ் என்ற மென்பொருள். 2002இல் தொடங்கி உலகெங்கும் தன்னார்வலர்கள் வளர்த்துவரும் இது முற்றிலும் இலவசம். திருட்டுப் பிரதி தேடவேண்டிய அவசியம் இல்லை என்பதும் நாம் இதைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம்.

முதல் நாள் கணினியைத் தொடமாட்டோம். ஐம்பது மீட்டர் டேப்பை எடுத்துக்கொண்டு மதரஸா மைதானத்துக்குப் போவோம். காரணம் இருக்கிறது. ஒரு மனையின் நான்கு பக்கங்களை அளந்துவிட்டால் மனையை அளந்தாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். நான்கு பக்கமும் 20 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மூலைகள் சரியாக மட்டத்தில் இருந்தால் பரப்பு 400 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 9.9 சென்ட். அதே நான்கு பக்கங்கள் சாய்ந்து, ஒரு குறுக்கு அளவு 20 மீட்டராக இருந்தால் பரப்பு 346 சதுர மீட்டர்தான், ஏறத்தாழ 8.6 சென்ட். பக்க அளவு எதுவும் மாறவில்லை, ஆனால் ஒன்றேகால் சென்டுக்கு மேல் காணாமல் போய்விட்டது. அதனால்தான் எஃப்எம்பி என்று எல்லோரும் சொல்லும் புல வரைபடத்தில் குறுக்குக் கோடு போட்டு நிலத்தை முக்கோணங்களாகப் பிரித்திருக்கிறார்கள். பழைய புல வரைபடங்களில் அளவு மீட்டரில் இல்லாமல் லிங்க்ஸில் இருக்கும். 100 லிங்க்ஸ் ஒரு சங்கிலி, அது 66 அடி. இதைக் கவனிக்காமல் எண்ணை அப்படியே மீட்டராக எடுத்துக்கொண்டால் நீளக் கணக்கு ஏறத்தாழ ஐந்து மடங்கு வீங்கிவிடும்.

அடுத்து, அந்தப் புல வரைபடத்தை ஸ்கேன் செய்து, செயற்கைக்கோள் படத்தின் மேல் சரியான இடத்தில் பொருத்துவது. படத்திலும் தரையிலும் ஒன்றாகத் தெரியும் இடங்கள் குறைந்தது நான்கையாவது கண்டுபிடிக்க வேண்டும். சர்வே கல், கிணறு, பாதைச் சந்திப்பு போன்றவை. பெரியவர்களின் உதவி இங்கேதான் தேவைப்படுகிறது. "அந்தக் கிணற்றை மூடி மேலே கடை கட்டிவிட்டார்கள்" என்பதை எந்தச் செயற்கைக்கோளும் சொல்லாது.

பரப்பை அளக்கும் முன் இன்னொன்றையும் சரிபார்க்க வேண்டும். அட்சரேகை, தீர்க்கரேகை பாகைக் கணக்கில் உள்ளவை. பாகையில் பரப்பளவு பார்த்தால் அர்த்தமில்லாத எண்தான் வரும். அதை மீட்டர் கணக்குக்கு மாற்ற, யூடிஎம் என்ற முறையில் உலகை 60 மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். 78 பாகை தீர்க்கரேகை தமிழ்நாட்டை இரண்டாகப் பிரிக்கிறது. சென்னை, திருச்சி, மதுரை 44ஆம் மண்டலம். கோவை, ஈரோடு, நெல்லை 43ஆம் மண்டலம். வெளியூரில் நமக்குள்ள சொத்துகளைச் சேர்க்கும்போது இது முக்கியம்.

இனி, எச்சரிக்கை. செல்போன் ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே ஏறத்தாழ 5 மீட்டர் முன்பின்னாகத்தான் காட்டும்; சுவர்களுக்கு நடுவே இன்னும் மோசம். பத்து சென்ட் மனையின் ஒரு பக்கம் 20 மீட்டர் என்றால், 5 மீட்டர் பிசகு இரண்டரை சென்ட். இடம் எது என்று காட்ட செல்போன் போதும். பக்கத்து வீட்டுக்காரரிடம் போய், உங்கள் சுவர் எங்கள் நிலத்தில் இருக்கிறது என்று சொல்ல அது போதாது. நம் பிள்ளைகள் வரையும் படம் உரிமைப் பத்திரமும் ஆகாது. எல்லைத் தகராறு என்றால் கட்டணம் கட்டி அரசு சர்வேயரை வரவழைத்துத்தான் அளக்க வேண்டும். அவர் வரும் நாளில் பத்திரமும் பட்டாவும் புல வரைபடமும் ஒரே இடத்தில் பொருத்தப்பட்டு நம் கையில் இருந்தால், எங்கே முரண்படுகிறது என்று சுட்டிக்காட்டிப் பேசலாம். நம்முடைய கோரிக்கை தவறு என்று படம் காட்டினால் அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அமானிதம் நமக்கு ஒரு பக்கம் என்றால், அடுத்தவர் ஹக்கு இன்னொரு பக்கம்.

மதரஸா மாணவர்களுக்குப் பிடிக்கும் பாடம் ஒன்றும் உண்டு. தட்டையான வரைபடத்தில் சென்னையிலிருந்து மக்காவுக்கு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால், மேற்கிலிருந்து வடக்காக ஏறத்தாழ 12 பாகை வரும். உருண்டையான பூமியின் மேல் மிகக் குறுகிய வழியைக் கணக்கிட்டால் அது 18 பாகை. உருண்டையைத் தாளில் விரிக்கும்போது ஏதாவது ஒன்று கோணலாகத்தான் செய்யும் என்பதை இதைவிட எளிதாக விளக்க முடியாது. அல்பீரூனி போன்ற அறிஞர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கிப்லாவைக் கோளத்தின் கணக்கில்தான் பார்த்தார்கள்.

ஜகாத், ஃபித்ரா விநியோகத்துக்கும் இந்த முறை உதவும். எந்தத் தெரு விடுபட்டது என்று ஒரே பார்வையில் தெரியும். ஆனால் உதவி பெறுவோரின் பெயரை வரைபடத்தில் போடமாட்டோம். வீட்டுக்கு ஓர் எண் மட்டும் இருக்கும். பெயர்ப் பட்டியல் அலுவலகப் பீரோவை விட்டு வெளியே வராது. பயிற்சியில் சேரும் பிள்ளைகளிடமும் இதற்கு எழுத்து மூலம் உறுதி வாங்குவோம்.

வேலை கிடைக்குமா என்றும் கேட்கிறீர்கள். இந்தப் பயிற்சியை மட்டும் வைத்து உடனே வேலை என்று நான் வாக்களிக்கமாட்டேன். சிவில் இன்ஜினீயரிங், விவசாயம், புவியியல், கணினி படிக்கும் பிள்ளைகளுக்கு இது கூடுதல் தகுதி. 2021 பிப்ரவரியில் வந்த புதிய வழிகாட்டு விதிகளுக்குப் பிறகு இந்திய நிறுவனங்கள் வரைபடம் தயாரிக்க முன் அனுமதி வாங்கும் அவசியம் பெருமளவு நீங்கிவிட்டதால், தனியார் துறையிலும் வாய்ப்பு உண்டு. மேலே படிக்க விரும்பினால் சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் ஜியோ இன்ஃபர்மேடிக்ஸ் பட்டப்படிப்பு இருக்கிறது. இஸ்ரோவின் டேராடூன் நிறுவனமான ஐஐஆர்எஸ் இணையவழி வகுப்புகளை இலவசமாக நடத்துகிறது.

வகுப்பு ஞாயிறுதோறும் காலை 10 மணி முதல் லுஹர் வரை. பெண் பிள்ளைகளுக்கு அஸருக்குப் பின் தனி வகுப்பு. களத்துக்குப் போகும் நாளில் உம்மாமார் உடன் வரலாம். கட்டணம் இல்லை. 8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப் இருந்தால் நல்லது, இல்லாதவர்கள் அறக்கட்டளைக் கணினியைப் பயன்படுத்தலாம்.

பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வக்ஃப் நிலங்களின் எல்லை தெரிந்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் பெயர் கொடுங்கள். ஆட்டோ வைத்து அழைத்துப் போய், இடத்தைக் காட்டச் சொல்லிக் குறித்துக்கொள்கிறோம். பழைய பத்திரமோ குத்தகைச் சீட்டோ இருந்தால் அஸருக்கும் மக்ரிபுக்கும் இடையே அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். உங்கள் முன்னிலையிலேயே நகல் எடுத்துக்கொண்டு அசலை அப்போதே திருப்பித் தந்துவிடுவோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.

செயலாளர்