சோறு போடுகிறார்கள், சரி. அப்புறம்?

டீயைக் குடியுங்கள் அண்ணே, அவசரமில்லை. தம்பியை ஹோமில் விடலாமா என்ற கேள்விக்கு ஒரே வார்த்தையில் என்னால் பதில் சொல்ல முடியாது. உங்களுக்கும் அண்ணிக்கும் வயதாகிறது. ஆட்டிசம் உள்ள 24 வயதுப் பிள்ளையை இரவும் பகலும் இரண்டே பேர் பார்ப்பது என்ன பாடு என்று தெருவுக்கே தெரியும். ஹோம் தேடுவதில் குற்றம் எதுவும் இல்லை. எந்த ஹோம் என்பதுதான் பேச்சு.

போய்ப் பார்த்துவிட்டு வந்து முதலில் நீங்கள் சொன்னது, “மூணு வேளை சோறு போடறாங்க, காசு கேக்கல.” நம் பக்கத்தில் அந்தச் சொல்லுக்குப் பெரிய மரியாதை உண்டு. சேத்தியாத்தோப்பில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வடலூர். 1867இல் வள்ளலார் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. சோறு போடுகிறவரைச் சந்தேகிக்க நமக்கு மனம் வராது. ஆனால் பசித்து வந்தவர் சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விடுவார். தம்பி எழுந்து போகப்போவதில்லை. அங்கேயே வாழப்போகிறான்.

அதே சாலையில் இன்னும் வடக்கே போனால் விக்கிரவாண்டி. அதன் பக்கத்தில் குண்டலப்புலியூரில் அன்பு ஜோதி ஆசிரமம் இருந்தது. ஆதரவற்றவர்கள், மனநலம் பாதித்தவர்கள் எனப் பலரும் அங்கே இருந்தார்கள். முதியவர் ஒருவரை விட்டுப்போன குடும்பம் திரும்பி வந்து கேட்டபோது ஆள் இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்ட பிறகுதான், 2023 பிப்ரவரியில், உள்ளே நடந்தது வெளியே வந்தது. அடித்தார்கள், கட்டிப்போட்டார்கள், பாலியல் கொடுமை செய்தார்கள் என்றெல்லாம் புகார். வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. 100க்கும் மேற்பட்டவர்களை மீட்டார்கள். ஏர்வாடி மனநலக் காப்பகமும் நினைவிருக்கும்: 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலைத் தீ, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் பலி. அந்த இடங்களிலும் சோறு போட்டார்கள், அண்ணே.

அதனால் முதலில் சான்றிதழைக் கேளுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இன்படி பதிவு இல்லாமல் இப்படி ஓர் இல்லம் நடத்தக் கூடாது. பதிவுச் சான்றைக் கண்ணில் படும் இடத்தில் மாட்டியிருக்க வேண்டும். மனநல இல்லத்துக்கான அனுமதியை நீட்டினால் ஏமாந்துவிடாதீர்கள். அது 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் கீழ் வருவது, மனநோய்க்கானது. தம்பிக்கு இருப்பது நோய் இல்லை.

சான்றிதழ் இருந்துவிட்டால் போதுமா? அதுவும் போதாது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகருக்குப் பக்கத்தில் வின்டர்போர்ன் வியூ என்று ஒரு தனியார் மருத்துவமனை. அறிவுசார் குறைபாடும் ஆட்டிசமும் உள்ளவர்களுக்கானது. 24 படுக்கைதான்; ஓர் ஆளுக்கு வாரம் சராசரியாக 3,500 பவுண்டு அரசுப் பணம். பதிவு இருந்தது, கண்காணிப்பு ஆணையம் இருந்தது. 2011இல் பி.பி.சி. ரகசிய கேமரா வைத்துப் படம் எடுத்தபோது ஊழியர்கள் அவர்களை அடிப்பதும் தரையில் இழுப்பதும் தெரிந்தது. அங்கே வேலை பார்த்த மூத்த நர்ஸ் ஒருவர் அதற்கு முன்பே புகார் எழுதியிருந்தார். யாரும் அசையவில்லை. கடைசியில் 11 பேருக்குத் தண்டனை, இடத்துக்குப் பூட்டு.

ஆகவே கண்ணால் பாருங்கள். சொல்லாமல் போங்கள், அதுவும் விளக்கு வைத்த பிறகு. இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஊழியர்? கழிவறைக்கு உள்தாழ்ப்பாள் உண்டா? கரும்பு லாரி ஹாரன் அடித்தால் தம்பி காதைப் பொத்திக்கொண்டு கத்துவான் என்று உங்களுக்குத் தெரியும். அங்கே யாருக்குத் தெரியும்? “தலையை முட்டிக்கிட்டா என்ன செய்வீங்க?” என்று கேளுங்கள். எனக்கு இதுதான் முக்கியமான கேள்வி. வாய் பேசாத பிள்ளை திடீரென்று முட்டிக்கொண்டால் பல்வலியாக இருக்கும், காதுவலியாக இருக்கும், மலச்சிக்கலாகக்கூட இருக்கும். காரணம் தேடுகிற இடம் நல்ல இடம். “மாத்திரை குடுத்தா தூங்கிடுவான்” என்று பதில் வந்தால் திரும்பி வந்துவிடுங்கள். மதியம் 3 மணிக்கு எல்லோரும் படுத்தே கிடந்தாலும் அப்படித்தான்.

பெரிய கட்டடம்தான் வழி என்றும் இல்லை. 1993இல் சென்னையில் தொடங்கிய பான்யன், மனநலம் பாதித்தவர்களுக்காக 2015 முதல் சாதாரணத் தெருக்களில் வாடகை வீடு பிடித்து, நாலைந்து பேராகக் குடியமர்த்துகிறது. கடைக்குப் போகிறார்கள், பக்கத்து வீட்டாரோடு பேசுகிறார்கள். தம்பி போன்றவர்களுக்கு நம் பக்கத்தில் இப்படி வீடுகள் வந்தே ஆக வேண்டும். நான்கு பெற்றோர் சேர்ந்து கேட்டால் கேள்வியாவது எழும்.

இன்னொன்று. 18 வயது தாண்டியவனுக்குச் சட்டப்படி நீங்கள் தானாகவே காப்பாளர் ஆகிவிட மாட்டீர்கள். 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் கலெக்டர் தலைமையில் உள்ளூர்க் குழு இருக்கிறது. அங்கே மனு கொடுத்து நியமனம் வாங்க வேண்டும். அது கையில் இருந்தால், நாளைக்கு ஒரு ஹோம் “உள்ளே விட மாட்டோம்” என்றால் அதட்டிக் கேட்கலாம். கடலூரில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போகும்போது பதிவு பெற்ற இல்லங்களின் பட்டியலையும் கேளுங்கள்.

விடுவதானாலும் முதலில் ஒரு வாரம் மட்டும் விடுங்கள். அவன் எதற்குப் பயப்படுவான், என்ன சாப்பிட மாட்டான், எப்படிச் சமாதானமாவான் என்று அண்ணியை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். போகும்முன் எடை பாருங்கள், வந்ததும் பாருங்கள், உடம்பைக் குளிப்பாட்டிப் பாருங்கள். மறுபடி அந்த வாசலுக்குக் கூட்டிப்போகும்போது அவன் வண்டியை விட்டு இறங்க மாட்டேன் என்றால், அதையும் பதிலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.