சிரிப்பின் நடுவே ஒரு மகள்

இலண்டனின் ஹொலண்ட் பார்க் பகுதியில் வசதி மிக்க ஒரு வீடு. அவ்வீட்டுத் தலைவி எடினா, பிரபலங்களுக்கு விளம்பரம் தேடிக் கொடுப்பவள். அவளது இணைபிரியாத் தோழி பற்ஸி, நவநாகரிகச் சஞ்சிகை ஒன்றில் பெயரளவிற்குப் பதவி வகிப்பவள். உடுக்கும் உடையில் புகழ்பெற்ற வடிவமைப்பாளரின் பெயர் இருத்தல் வேண்டும். அது உடலுக்குப் பொருந்துகின்றதா என்பது எடினாவுக்கு இரண்டாம் பட்சமே. 1992 நவம்பரில் பி.பி.சி. 2 இல் ஆரம்பமான 'அப்சொலூட்லி ஃபாபுலஸ்' என்னும் நகைச்சுவைத் தொடரின் உலகம் இதுவாகும்.

தொடரை எழுதி, எடினாவாக நடித்தவர் ஜெனிஃபர் சோண்டர்ஸ். பற்ஸியாகத் தோன்றியவர் ஜொஅனா லம்லி. புகழின் மீதும் பொருளின் மீதும் மேற்குலகு கொண்ட மோகத்தை இவர்கள் எள்ளி நகையாடினர். விந்தை யாதெனில், எள்ளப்பட்ட உலகத்தவரே இதனை விரும்பி வரவேற்றனர். பாடகி லூலு தொடரில் லூலுவாகவே நடித்தார். 2016 இல் வெளிவந்த திரைப்படத்தில், தேம்ஸ் நதியில் விழும் கேட் மொஸ்ஸாக அந்த மொடல் அழகியே தோன்றினார். கேலிக்கு ஆளாவதும் புகழின் ஓர் அடையாளமாயிற்று.

அவ்வாறாயின் அங்கதம் தோற்றுவிட்டதா? இல்லை என்றே நாம் கருதுகின்றோம். அதன் கூர்மை எடினாவின் மகள் சஃப்ரனிடத்தில் இருக்கின்றது. எளிய உடை உடுத்து, படிப்பில் கருத்தூன்றிய இப்பெண், குடிபோதையில் வீடு திரும்பும் தாய்க்குத் தாயாக இருக்கின்றாள். பதிலாக அவள் பெறுவது ஏளனமே. தொடரின் கருவும் இதுதான். சோண்டர்ஸும் டோன் ஃபிரெஞ்சும் 1990 இல் நடித்த ஒரு சிறு நாடகத்தில், பிள்ளைபோல் நடந்துகொள்ளும் தாயையும் பொறுப்புமிக்க மகளையும் காட்டினர். அதுவே பின்னர் தொடராக விரிந்தது. பிரபலங்களின் ஆரவாரத்துக்கான விலையை வீட்டிலுள்ள பிள்ளை செலுத்துகின்றது.

எடினாவின் செல்வம் எம்மிடம் இல்லை. எனினும் உள்துறை அமைச்சின் கடிதத்தை வாசித்துச் சொல்லும் பிள்ளை, வைத்தியரிடம் பெற்றோருக்காக மொழிபெயர்க்கும் பிள்ளை எம்மிடையே உண்டு. அது அகதி வாழ்வு சுமத்திய சுமை. அதற்காக எவரையும் குறைகூற இயலாது. ஆனால், இரண்டு வேலை செய்து ஈட்டியதையும் சீட்டெடுத்த பணத்தையும் ஒருநாள் மண்டபத்திற்கும் வீடியோவுக்கும் வாரியிறைப்பது எவர் சுமத்திய சுமை? 'நாலுபேர் என்ன சொல்வார்கள்' என்ற எமது அச்சத்திற்கும் எடினாவின் உடையிலுள்ள பெயருக்கும் அதிக தூரமில்லை. அக்கடன் தீரும்வரை, பெற்றோர் வேலையால் திரும்பாத மாலைகளில் வெறும் வீட்டில் காத்திருப்பதும் அதே பிள்ளைதான்.

இத்தொடரை மீண்டும் பார்க்க நேர்ந்தால் வயிறு குலுங்கச் சிரிப்போம். கூடவே, சமையலறை மேசையருகே சிரிக்காது நிற்கும் அம்மகளின் முகத்தையும் சற்றே கவனிப்போமாக.