இரண்டாண்டுப் படிப்பு வரவில் சேருமா?

சென்ற மாதம் திருவண்ணாமலையை அடுத்த ஒரு சங்கத்தில் பேரேடுகளைப் பார்வையிட்டு முடித்த வேளையில், பூந்தோட்டம் வைத்துள்ள முதிய அங்கத்தினர் ஒருவர் அருகில் வந்தமர்ந்தார். “ஐயா, என் பேரன் தோட்டக்கலையில் இரண்டாண்டு டிப்ளமோ முடித்துவிட்டான். பட்டப்படிப்பில் சேர்ந்தால் மீண்டும் முதலாண்டிலிருந்தே தொடங்க வேண்டுமாமே! அந்த இரண்டாண்டும் வீண்தானா?” என்று வினவினார். கோயில் மாலைக்குப் பூக்கொடுத்துப் பேரனைப் படிக்கவைத்தவர் அவர். அவருக்குக் கூறிய விடை ஏனைய அங்கத்தினர்க்கும் பயன்படுமாதலின் ஈண்டு வரைகின்றேன்.

பணத்திற்குக் கணக்கு இருப்பதுபோலக் கல்விக்கும் இன்று கணக்கு உண்டு. அதன் அலகு ‘கிரெடிட்’ எனப்படும். 2023-இல் வெளியான தேசியக் கிரெடிட் கட்டமைப்பின்படி, 30 மணி நேரக் கற்றல் ஒரு கிரெடிட். ஓராண்டுக்கு 1,200 மணி, அதாவது 40 கிரெடிட். இவற்றைச் சேமிக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2021-இல் கிரெடிட் வங்கி ஒன்றை ஏற்படுத்தியது. மாணவர் தாமே இதில் வரவு வைக்க இயலாது. பதிவு பெற்ற கல்வி நிலையமே வைக்க வேண்டும். ஒருமுறை ஒரு பட்டத்திற்குப் பயன்படுத்திய கிரெடிட் பற்றெழுதப்பட்டுவிடும்.

எனினும், தொகை மட்டும் போதாது. நிலையும் பொருந்த வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு நிலை 4. பட்டப்படிப்பின் முதலாண்டு 4.5, இரண்டாமாண்டு 5. பள்ளி நிலைக்கு ஒப்பான டிப்ளமோ எத்தனை மணி நேரம் நடந்திருப்பினும் கல்லூரி ஆண்டுக்கு ஈடாகாது. சில நாட் பயிற்சிக்குக் கிடைக்கும் சான்றிதழும் அவ்வாறே.

இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் ஆறாவது முதல்வர்கள் குழு வகுத்த திட்டத்தில் வேறொரு வழி உண்டு. பட்டப்படிப்பில் சேர்ந்தவர் முதலாண்டோடு நின்றால் சான்றிதழும், இரண்டாமாண்டோடு நின்றால் டிப்ளமோவும் பெறலாம். இரண்டிற்கும் பத்து வாரக் களப்பயிற்சி வேண்டும். பின்னர்த் திரும்பி வந்து தொடரவும் இடமுண்டு. இந்த டிப்ளமோவும் தனிப்பயிற்சியாக நடைபெறும் டிப்ளமோவும் பெயரால் ஒன்றே, கணக்கில் வேறு. பாலிடெக்னிக்கில் டிப்ளமோ பெற்றோர் பொறியியலில் நேரே இரண்டாமாண்டு சேர்வதைக் கண்டு, தோட்டக்கலைக்கும் அவ்வாறே என்று தாமாக முடிவு செய்தல் தவறு.

ஆதலால், சேருமுன்பே மூன்று கேள்விகளை எழுத்தில் கேட்டறிக: இப்படிப்பு எந்நிலையது? நிலையம் கிரெடிட் வங்கியில் பதிவு பெற்றதா? எந்தக் கல்லூரி இதனை ஏற்கும்? மதிப்பெண் பட்டியலோடு பாடத்திட்டத்தையும் பாதுகாத்து வைக்க. நம் மாவட்டத்திலேயே வாழவச்சனூரில் 2014 முதல் வேளாண்மைக் கல்லூரி இயங்கிவருதலின், நேரிற் சென்று விசாரித்தல் எளிது.

பெரியவர் பேரனின் தாள்களை மஞ்சள் பையில் மடித்து வைத்தார். “இவனுக்கு இனிமேல்தான் கேட்க வேண்டும், ஐயா. பேத்திக்கு முதலிலேயே கேட்டுவிடுகிறேன்” என்றார்.

கடன் பத்திரத்தைப் படித்தறிந்தே கையொப்பமிடுமாறு அங்கத்தினர்க்கு ஓயாது கூறுகின்றோம். கல்லூரி விண்ணப்பத்திற்கும் அதுவே விதி. சங்கக் காரியதரிசிகள் இதனை மகாசபையில் படித்துக் காட்டுவாராக.