வாந்தி, பேதி... வைரஸ் டெஸ்ட் எடுக்கணுமா?

''டாக்டர், பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு மலத்தை டெஸ்ட் பண்ணி 'ரோட்டா வைரஸ்'னு சொன்னாங்களாம். இவனுக்கும் எடுத்துப் பார்த்துடலாமா?''

ஒன்றரை வயதுப் பையனை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார் அந்தத் தாய். முதல் நாள் வாந்தியும் காய்ச்சலும். அன்று விடிந்ததிலிருந்து தண்ணீராகப் பேதி.

''பார்க்கலாம்மா. முதல்ல இதைச் சொல்லுங்க... கடைசியா எப்போ ஒண்ணுக்குப் போனான்?'' என்றேன். அவரால் சட்டென்று சொல்ல முடியவில்லை.

ஏன் அப்படிக் கேட்டேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் டெஸ்ட்.

சக்கர வைரஸ்

நான் சித்த மருத்துவன். குழந்தைகளின் வயிற்றுக் கோளாறுகளை மாந்தம், கழிச்சல் என்று எங்கள் பாலவாகட நூல்கள் வகை பிரித்துச் சொல்கின்றன. ஆனால், வைரஸ் சாதாரண மைக்ராஸ்கோப்பில்கூடத் தெரியாத சமாசாரம். 1973-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ரூத் பிஷப் என்ற பெண் விஞ்ஞானியும் அவரது குழுவினரும், பேதி கண்ட குழந்தைகளின் சிறுகுடலிலிருந்து துளி திசு எடுத்து எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். செல்களுக்குள் வைரஸ்கள்! பார்க்கச் சக்கரம் போல இருந்ததால், சக்கரத்துக்கான லத்தீன் சொல்லான 'ரோட்டா' பின்னர் அதன் பெயராயிற்று.

இன்று குடலைத் தொட வேண்டியதே இல்லை. சிறிதளவு மலம் போதும். 'எலைசா' டெஸ்டில் வைரஸின் புரதம் இருந்தால் நிறம் மாறும். கர்ப்பத்தைக் கண்டறியும் பட்டை போலவே கோடு காட்டும் பட்டைகளும் உண்டு. 'பி.சி.ஆர்.' டெஸ்ட், நோரோ, அடினோ, ஆஸ்ட்ரோ என்று மற்ற வைரஸ்களின் மரபணுவையும் துப்பறிந்துவிடும். ஒரு சங்கடம்... நோய் தீர்ந்த பிறகும், ஏன், நன்றாக விளையாடும் குழந்தையிடமும்கூட சில சமயம் வைரஸ் இருக்கும். அதனால் 'பாசிட்டிவ்' என்றாலே அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது.

டெஸ்ட் எதற்கு உதவும்?

ரோட்டாவோ நோரோவோ, ஆன்ட்டிபயாடிக் எதற்கும் கேட்காது. எந்த வைரஸ் என்று தெரிந்தாலும் வீட்டில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: இழந்த நீரையும் உப்பையும் திருப்பிக் கொடுப்பது. அதனால்தான் எல்லாக் குழந்தைக்கும் டாக்டர்கள் இந்த டெஸ்ட்டை எழுதுவதில்லை.

அப்படியானால் டெஸ்ட் வீணா? இல்லை. நம் நாட்டில் 2005-ல் தொடங்கிய கண்காணிப்பில் வேலூர் சி.எம்.சி. உள்ளிட்ட ஆஸ்பத்திரிகள் பங்கேற்றன. பேதிக்காகச் சேர்க்கப்பட்ட 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் 40 பேருக்கு ரோட்டா இருந்தது டெஸ்டில்தான் தெரிந்தது. 1980-களில் டெல்லியில் பச்சிளங் குழந்தைகளிடம் கண்டெடுத்த ஒரு ரோட்டா வகையிலிருந்துதான் 'ரோட்டாவேக்' சொட்டு மருந்தே பிறந்தது! 2016 முதல் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் ரோட்டா சொட்டு மருந்து உண்டு. தமிழ்நாட்டில் 2017 முதல். 6, 10, 14-வது வாரங்களில் இலவசம். பேதியே வராது என்பதில்லை. உயிருக்கு ஆபத்தான பேதியை வெகுவாகக் குறைக்கும். தவற விடாதீர்கள்.

நான் செய்த தவறு

தொழிலுக்கு வந்த புதிதில், ஒன்பது மாதக் குழந்தை ஒன்றைக் கொண்டு வந்தார்கள். மாந்தம் என்று நினைத்துச் சூரணம் கொடுத்து அனுப்பினேன். சிறுநீர் போகிறதா என்று கேட்கவில்லை. 'தண்ணி குடுத்தா இன்னும் போகும்' என்று வீட்டில் பாட்டி தண்ணீரையும் நிறுத்திவிட்டார். மறுநாள் காலை கண் குழி விழுந்து, உச்சிக்குழி பள்ளமாகி, தலை துவண்டு வந்தது குழந்தை. அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டிரிப் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். அன்றிலிருந்து, மருந்துக்கு முன்னால் அந்தக் கேள்விதான்.

வீட்டில் என்ன செய்வது?

ஓ.ஆர்.எஸ். பாக்கெட் எந்த அளவுக்கு என்று போட்டிருக்கிறதோ அந்த அளவு தண்ணீரில் முழுவதையும் கரையுங்கள். தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்கட்டும். ஒவ்வொரு பேதிக்குப் பிறகும், 2 வயதுக்குள் என்றால் 50 முதல் 100 மில்லி வரை ஸ்பூனால் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கஞ்சி, இட்லி சாப்பிடும் குழந்தைக்கு அதையும் கொடுக்கலாம். டாக்டரிடம் கேட்டு 14 நாள் ஜிங்க் கொடுங்கள். பேதியை 'கட்டுகிற' மாத்திரை, குழந்தைக்கு வேண்டவே வேண்டாம்.

ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, அழுதால் கண்ணீர் இல்லை, நாக்கு வறட்சி, மயக்கம், மலத்தில் ரத்தம், குடித்ததெல்லாம் வாந்தி - இதில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிதான். என்னிடம்கூட வர வேண்டாம்!

அந்தத் தாய் யோசித்துச் சொன்னார்: ''நேத்து ராத்திரி எட்டு மணிக்குப் போனான் டாக்டர்...'' அப்போது காலை மணி பத்து. டெஸ்ட்டை மறந்துவிட்டு, ஓ.ஆர்.எஸ். புகட்டிக்கொண்டே குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஏற்றிவிட்டேன். மூன்றாம் நாள் பையன் வீடு திரும்பினான். எந்த வைரஸ் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.