ரயில் பெட்டியின் விளக்கும் வார்ப்பட்டையும்

இரவில் ஓடும் ரயில் வண்டியில் ஒரு பெட்டியின் விளக்குகள் மட்டும் மங்கி, மின்விசிறிகள் ஓய்ந்துவிடுவது உண்டு. அடுத்த பெட்டியில் ஒளி குறையாதிருக்க, இப்பெட்டியில் மட்டும் இருள் சூழ்வானேன்? பல சமயங்களில் குறை விளக்கிலோ மின்கலத்திலோ இருப்பதில்லை. பெட்டியின் அடியில் சுழலும் ரப்பர் வார்ப்பட்டையிலேயே இருக்கிறது. பெல்ட் என்று பட்டறைகளில் வழங்கும் இப்பட்டையை நேராக அமைத்து, அளவாக இழுத்துக் கட்டும் முறை இங்கே விளக்கப்படுகிறது.

மும்பையின் மாதுங்காவில் கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே 1915-இல் நிறுவிய பட்டறை, இன்று மத்திய ரயில்வேயின் பொறுப்பில் பயணிகள் பெட்டிகளைச் செப்பனிட்டு வருகிறது. சென்னைப் பெரம்பூரிலுள்ள இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை 1955 முதல் 2018 வரை கட்டிய வகைப் பெட்டிகளில், ஓடும் சக்கர அச்சே மின்னாக்கியைச் சுழற்றும். பின்னர் வந்த புதுவகைப் பெட்டிகள் பெரும்பாலும் ரயில் எஞ்சினிலிருந்தோ தனி மின்னாக்கி வண்டியிலிருந்தோ மின்சாரம் பெறுவதால், அவற்றில் வார்ப்பட்டைக்கு வேலையில்லை. பழைய வகைப் பெட்டிகள் ஓடும் வரையில் இவ்வறிவு தேவையாகவே இருக்கும்.

எல்லா ஊர்திகளுக்கும் வார்ப்பட்டை வேண்டுவதில்லை. செம்பூர் வீதிகளில் ஓடும் ஆட்டோ ரிக்ஷாவில் எஞ்சின் பின்சக்கரங்களுக்கு அருகிலேயே அமைந்திருப்பதால், பற்சக்கரங்களும் மூட்டுகளையுடைய குறுந்தண்டுகளும் போதும். ரயில் பெட்டியில் நிலைமை வேறு. சக்கர அச்சு தண்டவாளத்தின் அதிர்ச்சிகளையெல்லாம் நேரே வாங்குகிறது. மின்னாக்கியோ சற்றுத் தொலைவில் தொங்குகிறது. இவ்விரண்டின் அசைவுகளையும் பொறுத்துக்கொண்டு ஆற்றலைக் கடத்த, வளையக்கூடிய பட்டை ஏற்றது.

அச்சிலுள்ள கப்பியின் விட்டம் சுமார் 57 செ.மீ.; மின்னாக்கியின் கப்பி சுமார் 20 செ.மீ. ஆகவே அச்சு ஒரு முறை சுற்றினால் மின்னாக்கி ஏறத்தாழ மூன்று முறை சுற்றும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வண்டி செல்லும்போது, மின்னாக்கி நிமிடத்திற்கு ஏறக்குறைய 1,000 முறை சுழல்கிறது. அம்மின்சாரம் 110 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றப்பட்டு, விளக்குகளுக்கும் மின்கலங்களுக்கும் செல்கிறது. 4.5 கிலோவாட் மின்னாக்கிக்கு 4 பட்டைகள் வேண்டும். குளிர்சாதனப் பெட்டியின் 25 கிலோவாட் மின்னாக்கிக்குப் பக்கத்துக்கு 6 ஆக 12 பட்டைகள் வேண்டும்.

பட்டையின் குறுக்குவெட்டு ஆப்பு வடிவமானது. மேலே அகன்று கீழே குறுகிய இப்பட்டை, கப்பியின் பள்ளத்தில் பக்கங்களால்தான் பற்றுகிறது, அடியால் அன்று. பள்ளத்தின் கோணம் ஏறத்தாழ 40 பாகையாக இருப்பதால், அதே இழுப்பில் தட்டைப் பட்டையைவிடச் சுமார் மும்மடங்கு பிடிப்புக் கிடைக்கிறது. பள்ளம் தேய்ந்து பட்டை அடியைத் தொட்டுவிட்டால், இந்த நன்மை போய்விடும். பள்ளத்தின் அடி பளபளப்பாகத் தெரிந்தால், கப்பியை மாற்றும் காலம் வந்துவிட்டது என்று அறியலாம்.

இழுப்புக் குறைந்தால் பட்டை வழுக்கும், உராய்ந்து சூடேறும், அதன் பக்கங்கள் கண்ணாடிபோல் வழவழப்பாகி மேலும் வழுக்கும். அப்போதும் விளக்கு உடனே அணைவதில்லை. மின்கலம் தன் சேமிப்பைக் கொடுத்து ஈடுகட்டுவதால், பகலில் நேர்ந்த குறை இரவில்தான் வெளிப்படுகிறது. இதற்கஞ்சி அளவுக்கு மீறி இழுத்துக் கட்டினாலும் கேடுதான். தாங்கிகள் சூடேறித் தேயும். பட்டையினுள் இருக்கும் நூலிழைகள் அறும்.

நேர்நிலை சரியாக இல்லாவிடில், எந்த இழுப்பும் பயன் தராது. இரு கப்பிகளின் பள்ளங்களும் ஒரே நேர்கோட்டில் இருத்தல் வேண்டும். ஒன்று பக்கவாட்டில் விலகியிருந்தாலும், சாய்ந்திருந்தாலும் பட்டையின் ஒரு பக்கம் மட்டும் தேயும். முடிவில் பட்டை புரண்டு கழன்றுவிடும். ஆகவே முதலில் நேர்நிலை, பின்னரே இழுப்பு என்பது மாறாத வரிசை.

வேலை முறை வருமாறு:

1. வண்டி நகராதென்பதை உறுதி செய்துகொள்ளுதல். சுழலக்கூடிய கப்பிக்கும் பட்டைக்கும் இடையே விரலை வைத்தலாகாது.

2. இரு கப்பிகளின் முகப்பிலும் நேர்கோலையோ இறுகப் பிடித்த நூலையோ வைத்துப் பார்த்தல். கப்பிகளின் அகலம் வேறுபட்டால், பள்ளங்களின் மையத்தைக்கொண்டு அளத்தல்.

3. அச்சுக் கப்பி இரு பாதிகளாக இறுக்கப்பட்டது, தளர்ந்தால் நகரும். அதன் இரு பக்கமும் அச்சில் வெள்ளைக் கோடு தீட்டிவைத்தால், நகர்ந்ததைப் பார்த்தவுடன் அறியலாம்.

4. பட்டைகளை ஒரே நீளக் குறியுடைய தொகுதியாகவே மாட்டுதல். ஒன்று பழுதானால் எல்லாவற்றையும் மாற்றுதல் வேண்டும். இல்லையேல் புதியது மட்டும் முழுச் சுமையையும் தாங்கி விரைவில் அழியும்.

5. இழுப்புத் தண்டைத் தளர்த்திய பின்பே பட்டையை மாட்டுதல். கடப்பாரையால் நெம்பி ஏற்றினால் உள்நூல் அறுந்துவிடும்.

6. தண்டின் சுருள்வில்லைப் பராமரிப்பு நூலில் குறித்த அளவுக்கு நட்டினால் அழுத்துதல்.

7. புதுப்பட்டை ஓடத் தொடங்கியதும் சிறிது நீளும். ஆதலால் முதல் ஓட்டத்திற்குப் பின் மீண்டும் சோதித்து இழுப்பைச் சரிசெய்தல்.

எண்ணெய், மசகு ஆகியவை பட்டையில் படலாகாது. மழைக்காலத்தில் நீரும் பிடிப்பைக் குறைக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பைப் பகுதியில் இச்சோதனையைத் தவறாது செய்தல் நலம்.

ஆசிரியர்கள் இதே தத்துவத்தைக் காலால் மிதிக்கும் தையல் எந்திரத்தைக்கொண்டு எளிதில் விளக்கலாம். தாராவித் தையற்கடைகளிலும் நம் ஊர்களிலும் இவ்வெந்திரத்தின் தோல்வார் தளர்ந்தால், தையற்காரர் அதில் சிறிது வெட்டிக் கொக்கியால் மீண்டும் இணைப்பர். தளர்ந்த வாரில் மிதிப்பலகை ஆடினாலும் ஊசி தயங்குவதையும், அதிகம் இறுக்கினால் மிதிக்கக் கடினமாவதையும் மாணவர்கள் தாமே கண்டறிவர். இரண்டிற்கும் இடைப்பட்ட அளவே சரியானது என்பது அப்போது விளங்கும்.

பெட்டியின் அடியில் குனிந்து பார்க்கும் ஊழியரைப் பயணி காண்பதில்லை. ஆயினும் புறப்படுமுன் அவர் நூல் பிடித்துப் பார்க்கும் சில நிமிடங்களே, கைக்குழந்தையோடும் நோயாளியோடும் பயணம் செய்வோருக்கு அன்றிரவு வெளிச்சமும் காற்றும் கிடைப்பதை உறுதி செய்கின்றன.