எம்77: தூசுக்குப் பின்னால் கருந்துளை, ஐஸுக்குள் 79 நியூட்ரினோ

மதுரை, தேனி பக்கம் நியூட்ரினோ என்று சொன்னால் போதும், பேச்சு நேராகப் பொட்டிபுரத்துக்குப் போய்விடும். மலையைக் குடையலாமா, தண்ணீர் என்னாகும் என்ற கேள்விகளை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், அவை பேச வேண்டியவைதான். ஆனால் நியூட்ரினோவே உடம்புக்கு ஆகாது என்றும் ஒரு பேச்சு ஓடியது பாருங்கள், அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. சூரியனிலிருந்து மட்டும் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் விநாடிக்குச் சுமார் 6,500 கோடி நியூட்ரினோ வந்துகொண்டிருக்கிறது. இந்த வரியைப் படிப்பதற்குள் உங்கள் விரல் நகம் வழியாகப் போனதை எண்ணி மாளாது.

இந்தப் பதிவு பொட்டிபுரம் பற்றியது இல்லை. சுமார் 4.7 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் ஒரு கேலக்ஸி பற்றியது. பெயர் எம்77, இன்னொரு பெயர் என்ஜிசி 1068. அங்கிருந்து கிளம்பிய நியூட்ரினோக்கள் தென் துருவத்தில் பிடிபட்டிருக்கின்றன.

1780 அக்டோபரில் பியர் மெஷான் இதைப் பார்த்தார். சுழல் கேலக்ஸி என்பதெல்லாம் அப்போது யாருக்கும் தெரியாது, மெஸ்ஸியே பட்டியலில் 77ஆவது மங்கலான பொருள், அவ்வளவுதான். கதை சூடு பிடிப்பது 1908இல். கலிபோர்னியாவின் லிக் ஆய்வகத்தில் எட்வர்ட் ஃபாத் இதன் நிறமாலையை எடுத்தார். வழக்கமாகக் கேலக்ஸியின் ஒளி என்பது கோடானுகோடி விண்மீன்களின் கூட்டு ஒளி, அதில் கறுப்புக் கோடுகள்தான் தெரியும். இதிலோ பிரகாசமான கோடுகள், ஏதோ சூடான வாயு எரிவது மாதிரி. 1943இல் கார்ல் சைஃபர்ட் இதுபோன்ற ஆறு கேலக்ஸிகளை எடுத்து விரிவாக ஆராய்ந்தார். கோடுகள் அகலமாக இருந்தன. அகலம் என்றால் வேகம்: நடுவில் இருக்கும் வாயு விநாடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டரில் தாறுமாறாக ஓடுகிறது. இந்த வகைக்கே இன்று சைஃபர்ட் கேலக்ஸி என்று பெயர்.

அந்த ஓட்டத்துக்குக் காரணம் நடுவில் உள்ள கருந்துளை. எடை, சூரியனைப் போல ஒரு கோடி மடங்குக்கு மேல். நம் பால்வீதியில் இருப்பது சுமார் 40 லட்சம் மடங்கு, அது பட்டினி கிடக்கிறது. எம்77இல் இருப்பது சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. உள்ளே விழும் வாயு வட்டாகச் சுழன்று, உரசிச் சூடாகி, ஒளிர்கிறது.

சிக்கல் என்னவென்றால், அந்த வட்டு நமக்குத் தெரியாது. பந்தல் கட்டியதுபோல அடர்ந்த தூசு வளையம் நம் பார்வைக்குக் குறுக்கே நிற்கிறது. பின்னே எப்படித் தெரிந்தது? தெப்பக்குளத்தின் தண்ணீரில் பளீரென்று வெயில் கண்ணில் அடிக்கும்போது போலராய்டு கண்ணாடி போட்டால் அடங்கிவிடுகிறது இல்லையா? பட்டுத் தெறித்த ஒளிக்கு அதிர்வுத் திசை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும், கண்ணாடி அதை மறிக்கிறது. 1985இல் அன்டோனுச்சியும் மில்லரும் இதையே திருப்பிப் போட்டார்கள். தெறித்த ஒளியை மட்டும் பிரித்து நிறமாலை எடுத்தார்கள். நேர்ப்பார்வையில் காணாத மிக அகலமான கோடுகள் அதில் இருந்தன! சுவருக்குப் பின்னால் எரியும் ட்யூப்லைட்டை எதிர்ச்சுவரின் வெளிச்சத்தில் கண்டுபிடித்த மாதிரி. இரண்டு வகை சைஃபர்ட் கேலக்ஸிகள் வேறு வேறு இல்லை, பார்க்கும் கோணம்தான் வேறு என்ற கருத்துக்கு இதுதான் பெரிய தூண்.

இப்போது ஐஸ்கியூப். தென் துருவத்தில் ஒரு கன கிலோமீட்டர் ஐஸுக்குள், ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்திலிருந்து இரண்டரை கிலோமீட்டர் வரை, 86 கம்பிகளில் 5,160 ஒளி உணரிகள். எப்போதாவது ஒரு நியூட்ரினோ மோதினால் மியூவான் பிறந்து ஐஸில் நீல ஒளிக்கோடு இழுக்கும். எம்77 கிட்டத்தட்ட வான நடுக்கோட்டின் மேலேயே இருப்பதால், தென் துருவத்திலிருந்து பார்த்தால் அது உதிக்காது, மறையாது, வருஷம் முழுக்க அடிவானத்தையே சுற்றி வரும். அந்தத் திசையில் பக்கவாட்டு ஐஸே வடிகட்டி.

2020இல் வந்த முடிவு 2.9 சிக்மா. அடித்துச் சொல்ல அது போதாது. 2022 நவம்பரில் 4.2 சிக்மா. நடுவில் புது உணரி எதையும் மாட்டவில்லை. 2011 முதல் 2020 வரையான தரவையே எடுத்து, கருவியின் அளவீட்டைத் திருத்தி, திசையையும் ஆற்றலையும் கணக்கிடும் நிரலை மாற்றி (நியூரல் நெட்வொர்க் உட்பட) முதலிலிருந்து ஓட்டினார்கள். எங்கள் தொழிலில் பழைய லாகை வைத்துக்கொண்டு புது பார்சர் எழுதுகிறவர்களுக்கு இந்த சந்தோஷம் புரியும். எம்77 திசையில் எதிர்பார்த்ததைவிடச் சுமார் 79 நியூட்ரினோ அதிகம். இதில் எது அங்கிருந்து வந்தது, எது நம் காற்று மண்டலத்தில் பிறந்தது என்று ஒவ்வொன்றாகக் கைகாட்ட முடியாது, கூட்டத்தில்தான் தெரியும். 110 இடங்களைச் சோதித்தால் ஒன்றிரண்டு தற்செயலாகவே பளிச்சிடும், அதையும் கழித்த பிறகுதான் 4.2. கண்டுபிடிப்பு என்று அடித்துச் சொல்ல 5 வேண்டும், அதனால் 'சான்று' என்கிற சொல்லோடு நிறுத்திக்கொண்டார்கள். சரியான அடக்கம்.

எனக்கு இதைவிட ருசியான விஷயம், வராமல் போனது. புரோட்டான் மோதி நியூட்ரினோ பிறக்கும் இடத்தில் காமா கதிரும் கூடவே பிறக்கும், இரட்டைப் பிள்ளைகள். நியூட்ரினோவின் அளவுக்குக் காமா வந்திருந்தால் ஃபெர்மி செயற்கைக்கோளும் மேஜிக் தொலைநோக்கிகளும் தவறவிட்டிருக்காது. வந்ததோ மிகக் குறைவு. அப்படியென்றால் பிறந்த இடத்திலேயே காமா செத்திருக்க வேண்டும். எக்ஸ் கதிர் அவ்வளவு நெரிசலாக இருக்கும் இடம் கருந்துளைக்கு மிக அருகில், வட்டுக்கு மேலே உள்ள சூடான கொரோனாதான். அங்கே காமா எக்ஸ் கதிரோடு மோதி எலெக்ட்ரானும் பாசிட்ரானுமாக உடைந்துபோகும். நியூட்ரினோ எதையும் கண்டுகொள்ளாமல் வெளியே வந்துவிடும். ஒளியால் எட்ட முடியாத அந்த இடத்தைப் பற்றி நமக்குக் கிடைத்த நேரடித் தபால் இது.

'பொட்டிபுரத்தில் கட்டியிருந்தால் இதைப் பார்த்திருக்கலாமா?' என்று கேட்பீர்கள். இல்லை. அங்கே திட்டமிட்டது 50,000 டன் இரும்பு, நோக்கம் காற்று மண்டல நியூட்ரினோ. எம்77இன் நியூட்ரினோக்கள் அதைவிடப் பல மடங்கு ஆற்றல் உள்ளவை, வருவதும் அபூர்வம், அதற்குக் கன கிலோமீட்டர் வேண்டும். அந்தத் திட்டத்தின் 85 டன் சிறு மாதிரி மதுரையில் மியூவான் எண்ணுகிறது என்பது நம் ஊரிலேயே பலருக்குத் தெரியாத செய்தி.

நியூட்ரினோவைப் பார்க்க முடியாது, கேலக்ஸியைப் பார்க்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் நடு இரவில் உச்சிக்கு வரும், ஆனால் நமக்கு மழைக்காலம், மேகம் விடாது. தை அமாவாசையை ஒட்டி, இரவு ஏழரைக்கு, நகர வெளிச்சம் தாண்டி அழகர்கோவில் பக்கமோ வேறு இருட்டான இடமோ போங்கள். திமிங்கலக் கூட்டத்தில் டெல்டா சீட்டி என்ற மங்கலான விண்மீன், உச்சிக்குத் தென்மேற்கே. அதிலிருந்து கிழக்கே ஒரு டிகிரிக்கும் குறைவு. ஆறு அங்குல தொலைநோக்கியில் பஞ்சைப் பிய்த்து வைத்த மாதிரி ஒரு வட்டமும் நடுவில் ஒரு புள்ளியும் தெரியும்.